பெரிய ஏணி, சின்ன ஏணி

தம்பி,

எந்த ஸ்கேல் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை, அதனால் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் சொல்வது எதுவும் நான் சொன்ன மாதிரி உன்னிடம் வந்து சேர்வதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே இதை உன் அம்மாதான் உனக்கு வாசித்துக் காட்டியாக வேண்டும். வாசிக்கிறவள் தனக்குப் பிடிக்காத இடத்தைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. தொடர்கதையில் யாராவது சாகப் போகிறார்கள் என்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். இதில் யாரும் சாகவில்லை. தலத்தெரு வீட்டை விற்கிறீர்கள். நான் பொங்கலுக்குள் காலி செய்துவிட்டு உன்னிடம் வர வேண்டும். பாரிஸுக்குப் பக்கத்தில் உன் ஃப்ளாட்டில் எனக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு எதிரே என் ரயிலுக்கு ஒரு பலகை. அந்தப் பலகையில் எந்த ஸ்கேல் ரயில் ஓட்டலாம் என்பதுதான் உன் கேள்வி. விஷயம் அவ்வளவுதான்.

கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் என்றால் இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை கோடு போடுகிற அடிக்கோல். ரயில் மாடல் கட்டுகிறவனுக்கு அது நிஜத்தை எத்தனை பங்காகச் சுருக்குகிறோம் என்கிற கணக்கு. பொதுப்பணித் துறையில் வேலைக் காலம் முழுக்கப் படம் வரைந்தே ரிட்டயர் ஆனவன் என்பதால் சொல்கிறேன், எல்லோரும் இன்ஜினைப் பார்த்து ஸ்கேலை முடிவு செய்கிறார்கள். அது தப்பு. ஆளைப் பார்த்து முடிவு செய். கடைக்காரர்கள் ஹெச்.ஓ. என்று சொல்வது எண்பத்தேழில் ஒரு பங்கு. அதில் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் நிற்பான். முகம் எழுதலாம், வேட்டிக்குக் கரை போடலாம், கோபமாக இருக்கிறானா என்றுகூடக் காட்டிவிடலாம். நீ வாங்கித் தருகிறேன் என்கிற ஸ்கேல் நூற்றறுபதில் ஒரு பங்கு. அதில் ஆள் ஒரு நெல்மணி. அவனுக்கு முகம் கிடையாது. "என் ஸ்கேல் போதும்பா" என்று நீ போனில் சொன்னபோது, யாருடைய ஸ்கேலைச் சொல்கிறாய் என்று ஒரு நொடி குழம்பிவிட்டேன். அது இங்கிலீஷ் எழுத்தின் பெயர் என்று பிறகுதான் உறைத்தது. எழுத்தானாலும் அர்த்தம் பெரிதாக மாறிவிடவில்லை. உன் வீடு, உன் பலகை, உன் ஸ்கேல்.

எனக்கு அது ஆகாது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. வலது கை காபி டம்ளரைப் பிடிக்கும்போதே ஆடுகிறது. நெல்மணி ஆளுக்குத் தகுந்த சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்கார வைக்க என்னால் முடியாது. உன் மகளுக்கும் அது வேண்டாம். நாலு வயசுப் பிள்ளை கையில் பிடிக்கிற அளவுக்கு வண்டி இருந்தால்தான் அது ரயில், இல்லாவிட்டால் அவள் தொடக் கூடாத இன்னொரு சாமான். அவளுக்கு ஹெச்.ஓ.வே வாங்கு. நீளமான பெட்டிக்குப் பெரிய வளைவு வேண்டும். இடமில்லாதவன் குட்டைப் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும், விரலுக்குத் தகுந்த வீக்கம். பலகையின் அகலம் உன் கை எட்டுகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. ரயில் எப்போதும் கை எட்டாத மூலையில்தான் கவிழும். இதெல்லாம் காசு கொடுத்தாலும் கடைக்காரன் சொல்ல மாட்டான், எழுதி வைத்துக்கொள்.

இனி என் ஸ்கேலுக்கு வருகிறேன். இங்கே 'என்' என்பது நான்தான், எழுத்து இல்லை. மாடிக் கூடத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு நிற்கிற என் மேஜையைப் பார்த்து, 'அப்பாவுக்கு அளவே தெரியாது' என்று போன தடவை வந்தபோது உன் மனைவியிடம் பிரெஞ்சில் சொன்னாய். எனக்குப் புரியாது என்று நினைத்தாய். உன் மனைவி அதை அங்கே போய் உன் அம்மாவிடம் சொல்ல, அவள் போனில் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தாள். வாசிக்கிறவள் இந்த இடத்தில் இருமுவாள், இருமட்டும்.

அளவு தெரியாமல் கட்டவில்லை, தம்பி. முதல் சம்பளத்தில் நீ எனக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தாய். பச்சை இன்ஜின், மூன்று பயணிகள் பெட்டி, வட்டமாக மாட்டிக்கொள்ளும் தண்டவாளம். நான் அப்போது பேரளம் போகிற பழைய ரயில் பாதையை மாடலாகக் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய ஞாபகம், பாசம் என்று ஒன்றும் இல்லை. அந்த ரயில் புஷ்பக விமானம் இல்லை, வாய்க்கால் கரையில் நடந்து போகிறவனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகும். கைவிடப்பட்டுக் கிடந்த அந்தப் பாதையை ஆபீஸ் வேலையாக டேப் பிடித்து அளந்தவன் நான், அதன் அளவெல்லாம் என் மண்டையில் இருந்தது, அவ்வளவுதான். அது மீட்டர் கேஜ். கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள இடைவெளி, ஒரு மீட்டர். நீ வாங்கி வந்த தண்டவாளத்தில் இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். அது பிரான்ஸில் ஓடுகிற அகலமான பாதையை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. நம்மூர்ப் பாதையை அதே கணக்கில் சுருக்கினால் பன்னிரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஆக, நீ ஆசையாக வாங்கி வந்தது எனக்குச் சேரவில்லை.

இரண்டு வழி இருந்தது. உன் தண்டவாளத்தைப் பரணில் போட்டுவிட்டு வேறு வாங்கியிருக்கலாம். அல்லது உன் தண்டவாளத்தை மாற்றாமல், மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தபடி பெரிதாக்கலாம். பதினாறரையை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உலகமே அறுபதில் ஒரு பங்காகிவிடும். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு ரயில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஸ்டேஷன், சிக்னல் கம்பம், லெவல் கிராஸிங் கேட்டு, மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஆட்கள் என்று எல்லாவற்றையும் கையால் செய்தேன். உன் பச்சை இன்ஜினின் மேல் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் மோட்டாருக்கு மேலே தகரத்தில் நம்மூர் இன்ஜினைக் கட்டினேன். எல்லாம் பெரிதானபோது மேஜையும் நீண்டது. என் பிள்ளை வாங்கி வந்ததைப் பரணில் போட மனசு வரவில்லை. என் ஸ்கேல் பெரிதாய்ப் போனதற்குக் காரணம் அது ஒன்றுதான். அடுத்த லீவில் வந்தபோது அதைப் பார்த்து நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அத ஏம்பா பிரிச்சீங்க? அது கலெக்‌ஷன் பீஸுப்பா" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் சொல்லியிருந்தால் என்னை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருப்பது இந்த வீட்டில் எனக்குப் பழக்கமானதுதான். வீடு உன் தாத்தா கட்டியது. சொல்தா என்பார்கள், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஒரே மகள், மகள் பெயரில் வீடு. நான் கோட்டுச்சேரியிலிருந்து இரண்டு வேட்டியோடு வந்த வீட்டோடு மாப்பிள்ளை. உன்னைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டபோது, தமிழ் எழுதப் படிக்க ஒரு வாத்தியாராவது வைக்கலாமே என்றேன். "தமிழ் எங்க ஓடிப் போயிடப் போவுது மாப்ள? அதான் வீட்ல பேசுறோம்ல" என்றார் உன் தாத்தா. பேச்சு முடிந்தது. உனக்கும் உன் அம்மாவுக்கும் பிரான்ஸ் பாஸ்போர்ட் உண்டு. நான் வர வேண்டுமென்றால் உன் அம்மாவுக்கு நான்தான் புருஷன் என்று காகிதம் காட்டி விசா வாங்க வேண்டும். அவள் உன் மனைவியின் பிரசவத்துக்கு என்று போனவள், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். பிள்ளை பிறந்து, நடந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. முதலில் குளிர் முடியட்டும் என்றாள். பிறகு முழங்கால் வைத்தியம் என்றாள். பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டாள். வீட்டை விற்கலாம் என்று நீ பேச்செடுத்த போதெல்லாம், உங்க அம்மா வரட்டும், உட்கார்ந்து பேசலாம் என்று ஒரே பதிலைத்தான் நான் சொன்னேன்.

அப்புறம்தான் உன் செய்தி வந்தது. பேசினால் சண்டை வரும் என்று, பிரெஞ்சில் எழுதிப் போனையே தமிழாக்கச் சொல்லி அனுப்பியிருந்தாய். 'அன்பான அப்பா, உங்கள் ஏணி மிகவும் பெரியது. அது எங்கள் குடியிருப்பில் நுழையாது. தயவுசெய்து அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நீங்கள் இங்கு வரும்போது உங்களுக்கு ஒரு சிறிய ஏணியை வழங்குவேன். அதன் பிறகு மற்றதை முன்னோக்கி நகர்த்துவோம்.'

இதைப் படித்த அப்பனுக்கு என்ன தோன்றும்? ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளை அதையும் கடிதம் எழுதித் தயவுசெய்து என்று சொல்லி உதைக்கிறானே என்று அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் கோபம் கொஞ்சம் தணிந்தது. பிள்ளை அப்படியெல்லாம் பூடகமாகப் பேசுகிற ஆள் இல்லையே, நிஜ ஏணியைத்தான் சொல்கிறானோ என்று தோன்றியது. மாடிப்படிக்குக் கீழே உன் தாத்தா காலத்து மூங்கில் ஏணி ஒன்று கிடந்தது. அதை எதற்குப் பாரிஸுக்குக் கொண்டு போவேன் என்று நினைத்தானோ, சரி, கிழவனை ஏற விடாமல் பார்த்துக்கொள்கிறான் போலிருக்கிறது, அக்கறைதான் என்று நானே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சொல்வதற்கு நல்ல அர்த்தமாகத் தேடிக் கொடுப்பது பெற்றவர்களின் வேலை. போலகத்திலிருந்து வந்து நம் வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிற முருகையனைக் கூப்பிட்டு அந்த ஏணியைக் கொடுத்தேன்.

"ஏன் சார், அந்த ஊர்ல ஏணிக்கும் பஞ்சமா?" என்றான்.

"பஞ்சமெல்லாம் இல்ல. சின்ன ஏணியா வாங்கித் தர்றானாம்."

"சின்ன ஏணில எங்க சார் ஏறுவீங்க?" என்று கேட்டுவிட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான்.

நான் உனக்கு வாய்ஸ் அனுப்பினேன். "நீ சொன்ன மாரி குடுத்துட்டம்பா. நல்ல ஆளுக்குத்தான் குடுத்திருக்கேன். எனக்கு எதுக்கு அது இனிமே" என்றேன். நீ சிவப்புச் சிவப்பாக இதயம் அனுப்பினாய், வரிசையாக. அன்றைக்கே உன் அம்மா கூப்பிட்டாள், வாரக் கடைசி இல்லாமல் அவள் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "ஏங்க, ஒருவழியா மனசு வந்துச்சே உங்களுக்கு. எப்படித்தான் குடுத்தீங்களோ. அழுதீங்களா?" என்றாள். இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா என்றேன். ஒரு மூங்கில் ஏணிக்காக இவ்வளவா, அவள் அப்பா ஞாபகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் பிள்ளை கூப்பிட்டது, வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி. மறைக்கவில்லை. ஏதோ நல்லது செய்துவிட்டேன் போலிருக்கிறது, வீடு முழுக்க என்மேல் பிரியமாக இருக்கிறது என்று நினைத்து, கடைக்குப் போய் நல்ல மீனாக வாங்கி வந்து நானே குழம்பு வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் புரோக்கர் ஒரு குடும்பத்தோடு வந்தார். புருஷன், பெண்டாட்டி, கல்யாணத்துக்கு நிற்கிற மகள். கேட்டைத் திறந்துவிட்டு, யாரைப் பார்க்கணும் என்று கேட்டேன். என்னைத் தாண்டிக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினார்கள். கூடத்தில் மேஜையைப் பார்த்ததும் புரோக்கருக்கு முகம் மாறிப் போயிற்று.

"என்ன சார் இது? மாடி காலி, சார் எல்லாத்தையும் குடுத்துட்டாங்கன்னு தம்பி சொன்னாங்களே. அம்மா பவர் குடுத்து, பேச்செல்லாம் முடிஞ்சுபோச்சே சார். உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது, வந்தவர்கள் முன்னால்? அந்தப் பெண்ணின் அம்மா, "பரவால்ல, மெதுவா எடுங்க அய்யா, பொங்கல் வரைக்கும் டைம் இருக்குல்ல" என்றார். நல்ல மனுஷி. என் வீட்டில் நின்றுகொண்டு எனக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

உன்னைக் கூப்பிட்டேன். எதைக் கொடுத்தீங்க என்று நீ கேட்டாய், ஏணியை என்று சொன்னேன். ஏணியையா என்று இன்னொரு தடவை கேட்டாய். அப்புறம் நீ சிரித்தாய். "அய்யோ அப்பா, எஷெல்னு போட்டேம்பா. பிரெஞ்சுல ஸ்கேலும் எஷெல்தான், ஏணியும் எஷெல்தான். போன் மாத்திப் போட்டுடுச்சு" என்றாய். பின்னால் உன் அம்மாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்க வேண்டிய விஷயம்தான், நானும் வேறு வீட்டில் நடந்திருந்தால் சிரித்திருப்பேன். சிரித்து முடித்ததும் நீ அடுத்த வேலைக்குப் போய்விட்டாய். சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு, வீடு முடிஞ்சுபோச்சு, இங்க என்ன ஸ்கேல் வேணும்னு சொல்லுங்க, வாங்கி வைக்கிறேன் என்றாய்.

ஒரு சொல் மாறிப் போனது உன் தவறு இல்லை. அதற்காக நான் இவ்வளவு நீளம் எழுதுவேனா? நான் இத்தனை வருஷம் கட்டியதை ஒரே நாளில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நீயும் உன் அம்மாவும் நம்பினீர்கள். யாருக்குக் கொடுத்தீங்க என்று கேட்கவில்லை. அதை எப்படி மாடியிலிருந்து இறக்கினீங்க, யார் தூக்கினார்கள், கூடம் வெறிச்சென்று இருக்கிறதா, சாயங்காலம் என்ன செய்கிறீங்க, ஒன்றும் கேட்கவில்லை. இதில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். கேட்டால் நான் மனசு மாறிவிடுவேனோ என்று பயந்தீர்கள். அந்த இதயமெல்லாம் எனக்கு வரவில்லை, காலியான கூடத்துக்கு வந்தது. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வயதானவனுக்கு வருத்தம் இருக்கலாம், ஆத்திரம் இருக்கக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். இருக்கிறது.

ஸ்கேல் பற்றி இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எந்த ஸ்கேலில் கட்டினாலும் முதலில் உன் வீட்டுக் கதவின் அகலத்தை அள. அதற்குள் நுழைகிற துண்டுகளாகக் கட்டி, துண்டுகளை போல்ட் போட்டுச் சேர். புத்தகத்தில் முதல் பாடமே அதுதான். எனக்கும் தெரியும். நான் அப்படிக் கட்டவில்லை. இந்த மாடியை விட்டு நானாக இறங்க வேண்டி வராது என்று நம்பி ஒரே மேஜையாக அடித்தேன். இப்போது அதை அறுத்துக்கொண்டிருக்கிறேன். முருகையன் ரம்பம் பிடிக்கிறான், நான் எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போடுகிறேன். ஸ்டேஷன் இருக்கிற பக்கம் ஒரே துண்டாக வரும். வளைவுகள் வராது. தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

பாரிஸுக்கு நான் வரவில்லை. டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய். வீட்டை விற்றுக்கொள்ளுங்கள், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை, குறுக்கே நிற்க எனக்கு உரிமையும் இல்லை. கோட்டுச்சேரியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டேன். நீளமாக ஒரு அறை இருக்கிறது, அறுத்த துண்டுகளில் பாதி அதில் நிற்கும். உன் மகளுக்கு நான் சொன்ன ஸ்கேலில் வாங்கிக் கொடு. லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவள் கையால் ஓட்டிப் பார்க்கலாம். அவள் தொடலாம், எதையும் உடைக்கலாம்.

இதற்கு மேல் உனக்கு இல்லை, தம்பி. வாசிக்கிறவளுக்கு.

வீடு உன்னுடையது, உன் அப்பா உனக்குக் கொடுத்தது. ஏன் விற்றாய் என்று நான் கேட்கவில்லை. விற்கவா என்று நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டேன். கோட்டுச்சேரி வீட்டுக்காரம்மா அறையெல்லாம் காட்டிவிட்டு, "எத்தன பேருங்க இருப்பீங்க?" என்று கேட்டார்கள். தண்ணீர் பிடிக்கிற கணக்குக்காகக் கேட்டார்கள், வேறு ஒன்றும் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நிற்க, நான் சமையலறையைப் பார்ப்பது போல உள்ளே போய்விட்டு வந்தேன். அப்புறம், "ஒரே ஆளுதாங்க" என்றேன். அது தப்பு என்றால், இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே என்னைக் கூப்பிட்டுச் சொல்.